வாட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கை: விசாரிப்பது எப்படி, உள்ளூரில் கொடுப்பது எப்படி

மூன்று வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. மூக்கில் குழாய் செருகிய இரண்டு வயதுக் குழந்தை. "இதய ஆபரேஷன், நாளை காலைக்குள் 4 லட்சம் கட்ட வேண்டும்" என்று எழுதி, கீழே ஒரு ஜிபே நம்பர். நான் 1,500 ரூபாய் அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல் ஸ்கிரீன்ஷாட்டை அதே குரூப்பில் போட்டேன். அதைப் பார்த்துச் சித்தப்பா, இரண்டு மச்சான்கள், ஓர் அக்கா என்று வரிசையாக அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த அக்காவின் மகள் படத்தைக் கூகுளில் தேடி எடுத்துக் காட்டினாள். ஆறு வருடத்துக்கு முன்பு, வேறு மாநிலத்தில், வேறு மொழிச் செய்தித்தளத்தில் வந்த படம் அது. குழந்தை நிஜம், நோவு நிஜம். எங்கள் பணம் மட்டும் யாரோ ஒருவன் கைக்குப் போயிருக்கிறது. என் காசு போனதுகூடப் பெரிதில்லை. சித்தப்பா பென்ஷன்காரர், என்னை நம்பி அனுப்பியவர். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதற்கப்புறம் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போதுதான் சம்பாதிக்க ஆரம்பித்து, மாதம் 500, 1,000 யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அன்றைக்கே அனுப்பாதீர்கள்

முன்பின் தெரியாத ஆளிடமிருந்து வரும் எந்தக் கோரிக்கைக்கும் குறைந்தது ஒரு ராத்திரி விடுங்கள். ஏமாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல் "உடனே". இன்னும் இரண்டு மணி நேரம், நாளைக் காலை, இன்றே கடைசி. யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்கள் விசாரித்துவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நிஜமாகவே சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் குடும்பத்துக்கு அந்தத் தேவை நாளைக்கும் இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும். உங்கள் 500 ரூபாய் ஒரு நாள் தாமதமாகப் போவதால் அங்கே ஒன்றும் குறையாது.

தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கதை வேறு. அங்கே போனை வைத்துவிட்டு நேரில் போய்விடலாம்.

செய்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்

செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய மாமாவுக்கும் அந்த நோயாளிக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இருக்காது. "மாமா, இவங்களை உங்களுக்கு நேரில் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து தேதி. நோயாளியின் முழுப் பெயர், ஊர், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, உள்நோயாளி எண், அதாவது ஐபி நம்பர். இவற்றில் எதுவுமே இல்லாமல் அழுகை மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ரத்தம் கேட்டு வரும் செய்திகளில் இது இன்னும் மோசம். "பி நெகட்டிவ் அவசரம்" என்று தேதி போடாமல் ஒருமுறை கிளம்பினால் வருடக்கணக்கில் சுற்றும். அந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அவர் குடும்பத்துக்கு ராத்திரி பகலாகப் போன் வந்துகொண்டே இருக்கும்.

சில பழைய பொய்களைப் பெயர் சொல்லியே தெரிந்துகொள்ளுங்கள். "ஒரு ஷேருக்கு 10 பைசா இந்தக் குழந்தைக்குப் போகும்" என்பது சுத்தப் பொய். ஃபார்வர்டு செய்வதற்கு யாரும் யாருக்கும் பைசா தருவதில்லை. இன்னொன்று, "விசேஷத்தில் சாப்பாடு மிச்சமானால் 1098-க்குக் கூப்பிடுங்கள், வந்து எடுத்துக்கொள்வார்கள்" என்பது. 1098 ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண். அடி வாங்குகிற பிள்ளை, கல்யாணம் செய்து வைக்கப்போகிறார்கள் என்று பயந்துபோன பிள்ளை கூப்பிடுகிற எண். அதில் மிச்சச் சாம்பாரைப் பற்றிப் பேசினால் லைன் அடைபடும். நல்ல எண்ணத்தில் பரப்பும் செய்தியும் இப்படிக் கெடுதல் செய்யும்.

படத்தைத் தேடுங்கள், பெயரைப் பாருங்கள்

படத்தை போனில் சேமித்து, கூகுள் லென்ஸில் திறங்கள். அதே படம் வேறு எங்கே வந்திருக்கிறது என்று காட்டும். பழைய செய்தியிலோ வேறு பெயரிலோ வந்திருந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் நிஜம் என்று அர்த்தமில்லை, இன்னும் விசாரிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். மருத்துவமனை லெட்டர்பேடு, டாக்டர் கையெழுத்து, சீல் இதெல்லாம் இப்போது போனிலேயே செய்துவிடுகிறார்கள். எஸ்டிமேட் காகிதத்தைப் பெரிதாக்கி, பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுத்தின் அளவோ நிறமோ மாறுகிறதா பாருங்கள்.

யூபிஐ நம்பரைப் போட்டதும், பணம் போவதற்கு முன்பே, யார் பெயர் திரையில் வருகிறது? நோயாளி தென்காசிக்காரர், அப்பா பெயர் ஒன்று, திரையில் வரும் பெயர் சம்பந்தமே இல்லாத ஒன்று என்றால் அங்கேயே நிறுத்துங்கள். "அது என் நண்பர் அக்கவுண்ட்" என்று பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை.

பெரிய பெயர் இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டவுடனேயே, 'கேர்ஸ்' என்பதில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போலி யூபிஐ முகவரி உருவாக்கினார்கள். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அரசு நிதிக்குக் கொடுப்பதானால் ஃபார்வர்டில் வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யாமல், அரசின் இணையதளத்துக்கு நீங்களே போய்க் கொடுங்கள்.

மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்

விசாரணையில் முக்கியமான படி இதுதான். செய்தியில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டால் கோரிக்கை அனுப்பியவனேதான் எடுப்பான். மருத்துவமனையின் சொந்தத் தளத்திலிருந்து எண்ணை எடுங்கள்.

நான் முதல்முறை கூப்பிட்டபோது, "இந்தப் பேர்ல பேஷண்ட் இருக்காரா, என்ன வியாதி?" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் பட்டென்று வைத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். ஒருவருடைய வியாதியைத் தெரியாத ஆளிடம் சொல்லக் கூடாது. அடுத்தமுறை வேறு மாதிரி கேட்டேன். "மேடம், இந்தப் பேர், இந்த ஐபி நம்பர். இவங்க பில்லுக்கு நான் ஒரு தொகை கட்டணும். ஆஸ்பத்திரி அக்கவுண்டுக்கே நேரா கட்ட முடியுமா?" பில்லிங்கில் இணைப்புக் கொடுத்தார்கள். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கட்டலாம் சார், ரசீதை பேஷண்ட் கூட இருக்கறவங்ககிட்ட குடுத்துடறோம்" என்றார்கள். என்ன வியாதி என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அப்படி ஒரு நோயாளி இருக்கிறார், கட்ட வேண்டிய பில் இருக்கிறது என்பது போதும்.

முடிந்தவரை இப்படியே செய்யுங்கள். ஆளுக்கு அனுப்புவதைவிட பில்லில் கட்டுவது உங்களுக்கும் நிம்மதி, குடும்பத்துக்கும் நிம்மதி.

குடும்பத்தோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேளுங்கள்: "அண்ணே, காப்பீட்டு அட்டை இருக்கா? அதுல போட்டுப் பாத்தீங்களா?" தமிழ்நாடு அரசின் இந்தக் காப்பீடு 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. மத்திய அரசின் திட்டமும் இதோடு சேர்ந்தபின் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. சாலை விபத்துக்குத் தனியாக 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானச் சான்று எதுவும் கேட்காமல் இலவச சிகிச்சை.

நிஜமாக அலைந்த தகப்பனிடம் இதைக் கேட்டால் கொட்டித் தீர்ப்பார். விஏஓ ஆபீசில் எத்தனை நாள் நின்றேன், எந்தக் கவுண்டரில் எதை எழுதித் திருப்பி அனுப்பினார்கள், எதற்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை என்று தேதியோடு சொல்வார். பொய்க்காரனிடம் ஒரே பதில்தான்: "அதெல்லாம் செல்லாது சார், சீக்கிரம் அனுப்புங்க."

சில குடும்பங்களுக்கு அட்டை எடுக்கவே தெரியாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு அவர்களைக் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் கூட்டிப்போவது, நீங்கள் அனுப்பும் 1,000 ரூபாயைவிடப் பல மடங்கு பெரிய உதவி. தூரத்தில் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்லுங்கள்.

கேட்கும் குரல் போலீஸ் விசாரணை மாதிரி இருக்க வேண்டாம். அந்தப் பக்கம் நிஜமாகவே பிள்ளையை ஐசியூவில் விட்டுவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். "உங்களைச் சந்தேகப்பட்டுக் கேக்கலை, நாலு பேர்கிட்ட சொல்லி வாங்கித் தரணும்னா விவரம் வேணும்" என்று தொடங்கினால் யாருக்கும் மனசு நோகாது.

பெரிய தொகை என்றாலே பொய் இல்லை

"16 கோடி ஊசி" என்று வந்தால் சிலர் படிக்காமலே சிரித்துவிட்டுப் போகிறார்கள். எஸ்எம்ஏ என்ற முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கு ஒருமுறை போடும் மரபணு மருந்து உண்மையிலேயே ஏறக்குறைய அந்த விலைதான். நம் மாநிலத்திலும் அப்படி நிதி திரட்டிய குடும்பங்கள் உண்டு. 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி இப்போது 50 லட்சம் வரை உதவி உண்டு. மீதிக்குப் பெற்றோர் எங்கே போவார்கள்? இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கெட்டோ, மிலாப், இம்பாக்ட் குரு போன்ற தளங்கள் வழியாகத் திரட்டுகிறார்கள். ஃபார்வர்டில் வந்த லிங்கைத் தொடாதீர்கள். தளத்தை நீங்களே திறந்து, குழந்தையின் பெயரைத் தேடுங்கள். மருத்துவமனைக் காகிதங்கள், அவ்வப்போது போடும் நிலவரம், பணம் யார் கணக்குக்குப் போகிறது, இந்த மூன்றும் அங்கே இருக்கும். கட்டும் பக்கத்தில் 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருந்தால் அதைக் குறைக்கலாம், எடுத்தும் விடலாம். பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அமைப்புகள் கேட்டால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு, நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி எண், அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. 80ஜி இருக்கிறதா என்று வருமான வரித்துறைத் தளத்தில் பார்க்கலாம். நிதி ஆயோக்கின் 'என்ஜிஓ தர்பண்' எண் இருந்தால் நல்லது, ஆனால் அது ஒரு பதிவு மட்டும்தான், நற்சான்றிதழ் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. தெருமுனையில் உண்டியல் குலுக்குகிறவர் அமைப்பின் பெயரில் ரசீது தர மறுத்தால் மறு பேச்சே வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை அடுத்த கணக்குக்குப் போகாமல் முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய விவரத்தில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண், நேரம், எதிராளியின் யூபிஐ முகவரி, செய்தியின் ஸ்கிரீன்ஷாட் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். அப்புறம் எந்தக் குரூப்பில் ஃபார்வர்டு செய்தீர்களோ அதே குரூப்பில் "இது பொய், யாரும் அனுப்பாதீர்கள்" என்று போடுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்ய மூன்று நாள் தயங்கினேன். அந்த மூன்று நாளில் இன்னும் இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள்.

சரி, அந்தப் பணத்தை எங்கே கொடுப்பது?

இவ்வளவு விசாரித்தும் தெளிவாகவில்லை என்றால் அந்தத் தொகையைத் திரும்ப பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். நடந்து போகிற தூரத்தில் கொடுங்கள். எங்கள் பக்கம் முந்தின தலைமுறைப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளிதான். கொடுத்தவர் கண்ணெதிரே பள்ளிக்கூடம் நின்றது, அதில் அவர் பிள்ளையே படித்தது. விசாரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் ஆரம்பித்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில். 40 நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் டீச்சர் உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கினார். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அரசே கொடுத்துவிடுகிறது. "டென்த் பிள்ளைங்க ஸ்பெஷல் கிளாஸுக்கு ஆறு மணி வரைக்கும் உக்காந்திருக்குங்க சார். மத்தியானம் சத்துணவு சாப்பிட்டதுதான். அஞ்சு மணிக்கு மேல கரும்பலகையவே பாக்க மாட்டேங்குதுங்க, தூங்கி விழுதுங்க. சுண்டல் மாதிரி ஏதாவது செஞ்சா நல்லாருக்கும்."

62 பிள்ளைகள். மூன்று கிலோ கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறவைக்க வேண்டும். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, ஒரு தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா செய்துதருகிறார். அவருக்குக் கூலி, எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்குள் முடிகிறது. வாரத்தில் ஐந்து நாளையும் ஐந்து தெரு பிரித்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை எங்கள் முறை. முதல் செவ்வாய், ஒரு பையன் காகிதத் தட்டில் வாங்கின சுண்டலில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை நோட்டுத் தாளில் மடித்துப் பையில் வைத்தான். தங்கச்சிக்கு என்றான். அடுத்த வாரத்திலிருந்து மூன்றரைக் கிலோ.

அதனால்தான் சொல்கிறேன், போனதும் பொருளை நீட்டாமல், "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் முழுப் பட்டியலும் கிடைக்கும். வெளியூரில், வெளிநாட்டில் இருந்து சொந்த ஊர்ப் பள்ளிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' தளம் இருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கே வேண்டியதற்கே கொடுக்கலாம்.

முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லங்களுக்கும் இதே விதிதான். பிறந்தநாள் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து குவியும். மாசக் கடைசிப் புதன்கிழமை மளிகைக் கடை பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியைக் கட்டலாம். கேஸ் சிலிண்டர், நாப்கின், முதியோருக்கான டயப்பர், காலேஜில் சேரும் பிள்ளைக்கு ஜூனில் கட்ட வேண்டிய ஹாஸ்டல் பணம், இவற்றுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. குழந்தைகள் இல்லம் என்றால் கொடுக்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பதிவு உண்டா என்று கேளுங்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு உங்கள் பையன் வகுப்பில் உட்காரப்போகிறது.

மதுரைப் பெரியாஸ்பத்திரி மாதிரி இடங்களில் சிகிச்சை இலவசம். கூட வந்தவருக்குத்தான் செலவு. சாப்பாடு, பஸ் காசு, வேலைக்குப் போகாத நாளின் கூலி. தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால் எந்த வார்டில் யாருக்கு ஊருக்குப் போகக் காசில்லை என்று சொல்லிவிடுவார். காசே இல்லை என்றால் ரத்தம் கொடுங்கள். உடம்பு நன்றாக இருந்து, 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்கு மேல் இருந்தால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரசு ரத்த வங்கியில் கொடுக்கலாம். ஃபார்வர்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் வடலூருக்குப் போய்ப் பாருங்கள். 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிகிறது. ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுபோனால் அது உலைக்குப் போவதை நீங்களே பார்க்கலாம்.

வெள்ளம், புயல் நேரத்தில் மட்டும் தூரத்துக்கு அனுப்ப வேண்டிவரும். அப்போதும் அந்த ஊரில் ஒரு தெரிந்த ஆளைப் பிடியுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் ரோட்டோரத்தில் மலையாகக் கிடந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் தண்ணீரில் நின்றபோது நாங்கள் முதலில் போன் செய்தது அங்கே கடை வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு. "அரிசி வந்திருச்சு. பாய், போர்வை, நாப்கின், பிளீச்சிங் பவுடர் அனுப்புங்க" என்றார். அதையே அனுப்பினோம்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொய் நோட்டு மாதிரியே எழுதுங்கள். தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் சொல்லிக் கொடுத்தோம். மாதத்துக்கு ஒரு தொகையை முடிவு செய்து அதற்குள் நில்லுங்கள். அப்போது ராத்திரி பத்து மணிக்கு வரும் ஃபார்வர்டு உங்களைப் பதற வைக்காது, இந்த மாதத்துப் பங்கு போய்விட்டதா என்று நோட்டைப் பார்த்தால் போதும். என் நோட்டில் 'யார் சொல்லி' என்ற கட்டம் காலியாக இருப்பது முதல் வரியில் மட்டும்தான், அந்த 1,500. நேற்று எழுதியது: கொண்டைக்கடலை மூன்றரைக் கிலோ, தேங்காய் 1, அக்காவுக்குக் கூலி 150. சொன்னது, டீச்சர்.